ஒன்றுக்கு ஒன்று

ஜனவரி, வியாழன், காலை பத்தரை.
உருப்பெருக்கியின் கீழே
கைக்கடிகாரத் திருகாணி ஒன்று,
எள்ளில் பாதி.
மரையில் பிசிறு உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
இல்லை.
நிமிர்ந்தபோது எனக்குப் பணம் ஏறியிருந்தது.

ஃபாப்ரிஸ்தான் கைபேசியைத் தூக்கிக் காட்டினான்:
மூன்று வருடமாய் இழுத்துப் பிடித்திருந்த கயிற்றை
மத்திய வங்கி விட்டுவிட்டதாம்.
நேற்று ஒரு யூரோவுக்கு
ஒரு ஃப்ராங்க், மேலே இருபது காசு.
இன்று ஒன்றுக்கு ஒன்று.

லெ லோக்கில், தொழிற்சாலைச் சிற்றுண்டிக் கூடத்தில்,
எல்லை தாண்டி வேலைக்கு வரும் நாங்கள்
காகிதக் கோப்பைகளை முட்டிக்கொண்டோம்.
நிக்கோல் சேரவில்லை. அவள் சுவிஸ்காரி.
மகன் மலைமேல் விடுதி நடத்துகிறான்.
"பிப்ரவரிக்கு ஜெர்மன்காரர்கள், பன்னிரண்டு அறை.
வருவார்களா?"
அவள் கேட்டது காப்பி இயந்திரத்தை.

முதலாளி யூகனென் நாணயமானவர்.
இருபது வருடத்தில் சம்பளம் ஒருநாள் பிந்தியதில்லை.
அன்று படியிறங்கி வந்தார்,
என் தட்டிலிருந்து ஒரு திருகாணியை இடுக்கியால் எடுத்தார்,
வெளிச்சத்தில் பிடித்தார்.
அதே எஃகு. அதே மரை.
மிலான்காரர்களுக்கு மட்டும்
ஐந்தில் ஒரு பங்கு விலை கூடிப்போனது.
நாணயம் உயரும்போது நாணயமானவர் என்ன செய்வார்?
ஏப்ரலில் செய்தார்:
வாரத்துக்கு நாற்பத்துமூன்று மணிநேரம், பழைய சம்பளம்.
கையெழுத்துப் போட்டோம்.
அப்போதும் எங்களுக்கு லாபம்தான்;
அதனால்தான் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
ஜூனில் மிலான் நின்றது. ஃபாப்ரிஸின் நாற்காலியை
பெட்டிகள் வைக்க எடுத்துக்கொண்டார்கள்.

நிக்கோலைச் சனிக்கிழமைகளில் பார்க்கிறேன்,
இந்தப் பக்கம், மோர்த்தோவில், எங்கள் அங்காடியில்.
சுங்கத்தில் தலைக்கு ஒரு கிலோ இறைச்சிதான் விடுவார்கள்.
மகனின் பனிச்சறுக்குக் காலணிக்குள்
ஒரு முழுக் கோழி.
"விருந்தாளிக்குத்தான் வேண்டாம், காலணிக்காவது உதவட்டும்"
என்று கண்ணடித்தாள்.

கொழுந்தன் கயேல் அந்தப் பக்கம் வேலையிருந்தபோது
வீட்டுக்கடனை ஃப்ராங்கில் வாங்கியவன்.
இப்போது இந்தப் பக்கம் லாரி ஓட்டுகிறான், யூரோவுக்கு.
அந்தப் பத்தரை மணிக்கு
அவன் கட்டாத ஓர் அறை
கடனுக்குள் எழும்பி நின்றது.
ஜன்னல் இல்லை. வாடகைக்கு விட முடியாது.

என் வீட்டுக்கும் மதிப்பு ஏறியது.
நோட்டரி எழுதியே கொடுத்தார்: நாற்பதாயிரம் கூடுதல்.
நான் ஓர் ஆணிகூட அடிக்கவில்லை.
கூரை ஒழுகும் இடத்தில் அதே பச்சை வாளி.
தெருவிலும் மதிப்பு கொஞ்சம் ஏறியதோ என்னவோ,
ரொட்டிக் கடைக்காரி இப்போதெல்லாம்
என் பெயருக்கு முன்னால் 'மதாம்' போடுகிறாள்.

மாரிலீஸ் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறாள்.
யூரோவில் சம்பளம், யூரோவில் வாடகை.
அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை.
அதுதான் நடந்தது.
அவள் நின்ற இடத்தில் நின்றாள்,
சுற்றிலும் எல்லாம் ஏறிக்கொண்டே போனது,
வீட்டுக்காரர் விற்றுவிட்டார்,
வாங்கியவர்கள் ஃப்ராங்கில் சம்பாதிக்கும் ஒரு ஜோடி.
நல்லவர்கள். இரண்டு மாதம் அவகாசம் தந்தார்கள்.

முப்பது கிலோமீட்டர் தள்ளி அவளுக்கு வீடு.
ஃபிரிட்ஜை இறக்க நான் போனேன்.
அவள் கீழ்ப்படியில், பின்னோக்கி இறங்குகிறாள்.
நான் மேலே.
படியில் கனமெல்லாம் கீழே நிற்பவருக்கே போகிறது;
என் விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தன.

பாதி வழியில் மூச்சு வாங்க நின்றோம்.
"கோட் நன்றாயிருக்கிறது. புதுசா?"
"ஆமாம்."
ஜனவரிச் சம்பளத்தில் வாங்கியது.

இடம் மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.
படி குறுகல், என்றாள்,
இனி திரும்ப முடியாது, பிடி.